வண்டியும் ஒரு கடையே! வேலை வண்டியில் கருவிகளையும் சாமான்களையும் ஒழுங்காக வைப்பது எப்படி?



நம் சங்க உறுப்பினர்களில் ஹார்டுவேர், எலெக்ட்ரிக்கல், மோட்டார் பம்ப், குழாய் சாமான், பெயிண்ட் ஆகிய கடைகளை நடத்துவோர் பலர் இருக்கிறார்கள். முன்பெல்லாம் சரக்கைக் கொடுத்து, பில்லைப் போட்டு, பணத்தைக் கல்லாவில் போட்டுவிட்டால் நம் வேலை முடிந்தது. இன்று அப்படியில்லை. மோட்டார் வாங்க வருபவர், விலையைக் கேட்பதற்கு முன்பே "மாட்டிக் கொடுக்க ஆள் வருவாரா?" என்றுதான் கேட்கிறார். வரமாட்டார் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். ஆகவே நம்மில் பலர் பிளம்பர், எலெக்ட்ரீஷியன், உதவிக்கு ஒரு பையன், ஒரு வண்டி என்று வைத்துக்கொண்டு, விற்பனையோடு வேலையையும் சேர்த்துச் செய்து வருகிறோம்.

வண்டி என்றால் ஒரு காலத்தில் மூன்று சக்கர சைக்கிள். பிறகு மாருதி ஆம்னி வந்தது. அதன் தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டாலும் பழைய ஆம்னிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு, "குட்டியானை" இல்லாத வியாபாரத் தெருவே இல்லை எனலாம். வண்டி வாங்க நாம் எவ்வளவோ யோசிக்கிறோம். கடன், வட்டி, மைலேஜ், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் வண்டிக்குள் எதை எங்கே வைப்பது என்பதை மட்டும் யோசிப்பதில்லை. அதை யோசிக்காமல் இருந்ததற்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்லிவிட்டு, பிறகு செய்த ஏற்பாட்டை விவரிக்கிறோம்.

எங்கள் அனுபவம்

நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் முத்தாபுதுப்பேட்டையில் கடை நடத்துகிறோம். மிட்டனமல்லி, பாலவேடு, பட்டாபிராம், ஆவடி என்று சுற்று வட்டாரம் முழுவதும் எங்கள் வண்டி போய் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்தை எப்படி ஆட்டி வைத்தது என்பது உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், தரைத்தளத்தில் இருந்த மோட்டார்களும் ஸ்டார்ட்டர் பெட்டிகளும் வீட்டுக்கு வீடு நனைந்து கிடந்தன. சுற்றிலும் வெள்ளம் வடிந்த சேறு. மேல் தொட்டியிலோ ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காலை ஆறு மணிக்கே போன் வரத் தொடங்கிவிடும்.

அந்த வாரம் ஒரு வீட்டில் வயதான தம்பதியர் இருவர் மட்டும் இருந்தார்கள். போர்வெல் மோட்டாரின் பேனல் பெட்டியில் கண்டென்சர் போய்விட்டது. பெட்டியைக் கழற்றிய எங்கள் ஆட்கள் வண்டியில் அரை மணி நேரம் தேடியும் கண்டென்சர் அகப்படவில்லை. கடைக்குத் திரும்பி வந்தார்கள். வழியில் வேறொரு வாடிக்கையாளர் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரியவர் வீட்டுக்குத் தண்ணீர் ஏறியது மறுநாள் மதியம்தான். வண்டியில் ஒன்றல்ல, மூன்று கண்டென்சர்கள் இருந்தன என்பது பிறகு தெரிந்தது. பழைய ஒயர்ச் சுருளுக்கு அடியில் ஒரு கேரி பேக்கில் கிடந்தன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதுதான்!

இதைவிட மோசமானது அடுத்த வாரம் நடந்தது. டிரில்லிங் மெஷின் ஒன்று காணாமல் போயிற்று. எங்களிடம் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன பையன்தான் அதைக் கடைசியாகக் கையாண்டவன். "நீதானே கடைசியாக வைத்திருந்தாய்?" என்று நாலு பேர் முன்னிலையில் இரண்டு முறை கேட்டோம். "வண்டியிலதாண்ணே வெச்சேன்" என்றான். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை.

போகிக்கு முந்தின வாரம், பழையன கழிக்கலாம் என்று வண்டியைக் காலி செய்தோம். பைப் கட்டுக்கும் வண்டியின் பக்கத் தகட்டுக்கும் இடையில், ஒரு கோணிக்குள் மெஷின் இருந்தது. அவன் சொன்னது உண்மை; வண்டியில்தான் வைத்திருக்கிறான். நாங்கள் இருவரும் அவன் வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்தோம். "பரவாயில்லைண்ணே" என்றான். ஆனால் திரும்பி வரவில்லை. அம்பத்தூரில் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டிருந்தான்.

டிரில்லிங் மெஷின் போயிருந்தால் வேறு வாங்கியிருக்கலாம். பழகிய, நாணயமான ஒரு ஆளை எங்கே வாங்குவது? வண்டியில் எந்தப் பொருளுக்கு எந்த இடம் என்ற ஏற்பாடு இருந்திருந்தால், அந்தக் கேள்வியையே நாங்கள் கேட்டிருக்க மாட்டோம்.

நம்மூரிலேயே இருக்கும் பாடம்

முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை நிலையம் இருப்பதால், ஓய்வு பெற்ற விமானப்படையினர் பலர் இங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் நீண்டநாள் வாடிக்கையாளர். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: விமானத்தைப் பழுது பார்க்கும் இடங்களில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவத்திலேயே பள்ளம் வெட்டிய தட்டு அல்லது உருவம் வரைந்த பலகை இருக்கும். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணி, ஒவ்வொன்றையும் அதன் பள்ளத்தில் வைக்க வேண்டும். ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் விமானம் கிளம்பாது. ஏனெனில் மறந்துவிட்ட ஒரு ஸ்பானர் இயந்திரத்துக்குள்ளோ கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு இடையிலோ சிக்கினால் உயிர்ச்சேதம் ஆகும். அங்கே யாரும் யாரையும் "நீதானே எடுத்தாய்?" என்று கேட்பதில்லை. பலகையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொரு பாடம் பாடியில் இருக்கிறது. அங்கு இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998-ல் பெற்றது. இந்தியாவில் அப்பரிசை முதலில் பெற்றது அதுவே. ஜப்பானியத் தொழிற்கூடங்களில் "ஐந்து எஸ்" என்று ஒரு முறை உண்டு. வேண்டாததைப் பிரித்து விலக்குவது, வேண்டியதை அதற்குரிய இடத்தில் வைப்பது, துடைத்துச் சுத்தமாக வைப்பது, இம்மூன்றையும் ஒரே சீராக நடைமுறைப்படுத்துவது, அதை விடாமல் பழக்கமாக்கிக் கொள்வது ஆகியவையே அந்த ஐந்து. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை பார்த்தவர்கள் பலருக்கு இது பழகிய பாடம்.

இதில் நம் வணிகர்கள் பெருமைப்படத் தக்க ஒரு செய்தியும் உண்டு. டொயோட்டா கார் நிறுவனத்தின் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர், "தீர்ந்த அளவுக்கு மட்டும் நிரப்புவது" என்ற தம் சரக்கு முறையை அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளை முன்மாதிரியாகக் கொண்டு அமைத்தார். வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு அலமாரியை நிரப்புவது கடைக்காரர் வழக்கம். அதைத்தான் கார் தொழிற்சாலை கற்றுக்கொண்டது. கடையில் நாம் அன்றாடம் செய்வதை வண்டிக்குள்ளும் செய்தால் போதும்.

முதல் வேலை: வண்டியைக் காலி செய்தல்

வண்டிக்குள் இருப்பதை நகர்த்தி நகர்த்தி ஒழுங்குபடுத்த முடியாது. ஒரு விடுமுறை நாளில் கடை வாசலில் தார்ப்பாயை விரித்து, ஒரு ஆணி விடாமல் எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். இறக்கியதை நான்கு குவியலாகப் பிரிக்கலாம்.

1. தினமும் தேவைப்படுபவை: டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர், பைப் ரிஞ்சு, ஹாக்சா, டேப், டெஃப்ளான் டேப், இன்சுலேஷன் டேப்.

2. வாரத்துக்கு ஓரிரு முறை தேவைப்படுபவை: டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின், ரசமட்டம், சுத்தியல், உளி, கயிறு.

3. எப்போதோ தேவைப்படுபவை: செயின் புல்லி, பெரிய ரிஞ்சு, நீண்ட ஏணி. இவற்றைக் கடையிலேயே வைத்து, வேலைக்கு ஏற்ப ஏற்றிச் செல்லலாம்.

4. வேண்டாதவை: இறுகிப்போன சால்வெண்ட் சிமெண்ட் டப்பா, பாதி உடைந்த எல்போ, வாடிக்கையாளர் கழற்றிப் போட்ட பழைய குழாய். பழைய சாமான் கடைக்குப் போக வேண்டியவை.

இதைச் செய்தபோது எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. பிரித்துப் பாதி சுற்றிய டெஃப்ளான் டேப் மட்டும் ஒரு கை நிறைய இருந்தது. ஒரே அளவு டிரில் பிட் பல இருந்தன. தேடிக் கிடைக்காததால் திரும்பத் திரும்ப நம் கடையிலிருந்தே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எடுத்தது எதற்கும் கணக்கு இல்லை.

நேரக் கணக்கையும் பாருங்கள். இரண்டு ஆட்கள் நாளொன்றுக்கு அரை மணி நேரம் தேடுவதில் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 26 வேலை நாள் என்றால் 26 மணி நேரம். அதாவது ஒரு ஆளின் மூன்று நாள் சம்பளத்துக்கு மேல் தேடுவதற்கே கொடுக்கிறோம்.

எடை எங்கே இருக்க வேண்டும்?

டாடா ஏஸின் சரக்குப் பகுதி சுமார் 7 அடி நீளமும், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டது. முக்கால் டன் அளவு எடை தாங்கும். இந்த முக்கால் டன்னில் நாம் பொருத்தும் ரேக்கின் எடையும் சேர்த்தி என்பதை மறந்துவிடக் கூடாது.

கனமானவை கீழே, இலேசானவை மேலே. மோட்டார், ஜி.ஐ. பிட்டிங், சிமெண்ட் மூட்டை ஆகியவை தரையில், ஓட்டுநர் அறையை ஒட்டிய தடுப்புச் சுவரோடு சேர்ந்து இருக்கட்டும். கனம் மேலே ஏறினால் திருப்பத்தில் வண்டி சாயும். கனம் முழுவதும் பின் கதவோரம் இருந்தால் முன் சக்கரத்தில் பிடிமானம் குறைந்து ஸ்டியரிங் இலேசாகிவிடும். இடப்பக்கமும் வலப்பக்கமும் எடை ஏறக்குறையச் சமமாக இருப்பதும் அவசியம்.

எதையும் கட்டாமல் வைக்கக் கூடாது. வண்டி 40 கி.மீ. வேகத்தில் போகும்போது திடீரென்று மோதி நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் பொருள் அதே வேகத்தில் முன்னால் பாயும். அந்த வேகம், 20 அடி உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து கீழே விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறுகிற வேகத்துக்குச் சமம். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பைப் ரிஞ்சு தலையில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆம்னி போல ஓட்டுநருக்கும் சரக்குக்கும் இடையே தடுப்பு இல்லாத வண்டி என்றால், இரும்புக் கம்பித் தட்டி ஒன்றைப் பொருத்துவது மிக அவசியம். சாமான்களோடு பின்னால் ஆளை உட்கார வைப்பது கூடவே கூடாது.

ரேக் அமைக்கும் முறை

விலை உயர்ந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கடையில் நாம் பயன்படுத்தும் ஸ்லாட்டட் ஆங்கிளும் 12 மி.மீ. பிளைவுட்டும் போதும். ஒவ்வொரு தட்டின் முன் விளிம்பிலும் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு பட்டை அடித்துவிட்டால், பிரேக் போடும்போது டப்பாக்கள் சரிந்து விழாது. தட்டை உட்பக்கம் சற்றே சாய்வாக அமைப்பது இன்னும் நல்லது.

ரேக்கைப் பற்றவைக்காமல் போல்ட் நட்டில் பொருத்தினால் வேண்டும்போது கழற்றலாம். வண்டிக்குக் கூண்டு கட்டுவது போன்ற பெரிய மாற்றம் செய்வதாயின், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, பதிவுச் சான்றிதழில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் இன்சூரன்ஸ் கேட்கும் நாளில் தகராறு வரும்.

சில்லறைச் சாமான்களுக்கு நம் வீட்டுச் சமையலறையே வழிகாட்டி. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் கலப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் மிளகு எங்கே என்று வீட்டம்மாவுக்குத் தெரியும். அதேபோல அறை பிரித்த பிளாஸ்டிக் பெட்டியில் ஸ்குரூ, ராவல் பிளக், வாஷர், கிளாம்ப் ஆகியவற்றை அளவு வாரியாகப் போடலாம். மூடி கண்ணாடி போல உள்ளே தெரிவதாக இருக்கட்டும். அரை அங்குலம், முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் என்று எல்போ, டீ, கப்ளிங் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கூடை. பொருளின் பெயரை எழுதுவதோடு, அப்பொருளில் ஒன்றைப் பெட்டியின் முகப்பில் ஒட்டிவிட்டால், தமிழ் படிக்கத் தெரியாத வடநாட்டுத் தொழிலாளியும் உடனே எடுத்துவிடுவார்.

தினசரிக் கருவிகளுக்குப் பின் கதவின் உட்புறமோ, கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் பக்கமோ ஒரு பலகை பொருத்துங்கள். ஒவ்வொரு கருவியையும் வைத்துப் பெயிண்டால் சுற்றி வரைந்துவிடுங்கள். எது இல்லை என்பதை வண்டி கிளம்பும் முன் பலகையே சொல்லிவிடும். கருவிகள் தொங்கி ஆடாமல் இருக்க ஒரு ரப்பர் பட்டையைக் குறுக்கே இழுத்து மாட்டலாம்.

நீளமான சாமான்களில் கவனம்

பி.வி.சி. பைப் 20 அடி நீளம். வண்டியின் சரக்குப் பகுதியோ 7 அடி. துண்டு பைப்புகளையும் கம்பிகளையும், நான்கு அங்குல பைப்பை வெட்டிப் பக்கவாட்டில் பொருத்தி அதற்குள் செருகிவிடலாம். முழு நீளப் பைப்பை வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு போவது பழைய வழக்கம். இது ஆபத்தானது, சட்டப்படியும் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்தின்படி, அனுமதித்த அளவுக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் ரூ.20,000. அந்தத் தொகைக்கு எத்தனை பைப் விற்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். இடத்தை அளந்து கடையிலேயே வெட்டிச் செல்வது, அல்லது பைப்பை மட்டும் நீளமான வண்டியில் அனுப்புவதே அறிவுடைமை.

வெயிலும் தீயும்

நம்மூர்க் கத்திரி வெயிலில் மூடிய வண்டிக்குள் சூடு தாங்க முடியாது. சால்வெண்ட் சிமெண்ட், தின்னர் ஆகியவை எளிதில் ஆவியாகித் தீப்பிடிக்கக் கூடியவை. மூடியை இறுக்கி, நிமிர்த்தி, ஒரு தகரப் பெட்டியில் தனியாக வையுங்கள். கட்டிங் மெஷின், வெல்டிங் வேலை நடக்கும் இடத்தில் அந்தப் பெட்டி அருகே இருக்கக் கூடாது. வேலைக்கு ஒரு டப்பா போதும். அரை டஜன் ஏற்றி வைக்க வேண்டியதில்லை. இன்வெர்ட்டர் பேட்டரி ஏற்றினால் சாயாமல் கட்டுங்கள். ஏ.சி. வேலை செய்வோர் கேஸ் சிலிண்டரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திச் சங்கிலி போட்டுக் கட்டுவதோடு, வண்டிக்குள் காற்றோட்டத்துக்கும் வழி செய்ய வேண்டும். தீயணைப்புக் கருவி ஒன்றும் முதலுதவிப் பெட்டி ஒன்றும் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சாமான்களுக்கு அடியில் வேண்டாம்.

சரக்குக் கணக்கு

வண்டியில் இருப்பது நம் முதல். அதற்கும் ஒரு இருப்புப் பட்டியல் வேண்டும். நாங்கள் செய்வது மிக எளிது. அடிக்கடி தீரும் பொருள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு டப்பா. முதல் டப்பா தீர்ந்தால் அதை இருக்கையில் வைத்துவிட வேண்டும். இரண்டாவதிலிருந்து எடுக்க வேண்டும். மாலையில் வண்டி திரும்பியதும் காலி டப்பாக்கள் கல்லாவுக்கு வந்துவிடும். அவற்றை நிரப்பி எழுதிக்கொள்வோம். எந்த வீட்டுக்கு எவ்வளவு சாமான் ஆயிற்று என்பது அன்றே தெரிந்துவிடுவதால் பில்லிலும் விடுபடுவதில்லை.

விற்பனை ஆகுமா, எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் வண்டியில் எடுத்துச் செல்லும் சரக்குக்கு ஜி.எஸ்.டி. விதிப்படி டெலிவரி செலான் வேண்டும். அதை மூன்று பிரதியாகப் போட்டு, ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டு முறையைச் சரிசெய்து கொள்வது நல்லது.

பழக்கமாக்குவது எப்படி?

ரேக் அடிப்பது ஒரு நாள் வேலை. அதைக் காப்பதுதான் கடினம். முதல் மாதத்திலேயே எங்கள் பிளம்பர் பெரியவர், "இருபது வருஷமா சாக்குப் பையிலதான் வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று கோபித்துக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எந்தக் கருவி எங்கே இருக்க வேண்டும் என்று நாங்கள் கல்லாவில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தோம். பிறகு அவரையே வண்டிக்குள் நிற்க வைத்து, கை எங்கே நீள்கிறதோ அங்கே பலகையை மாற்றினோம். அன்று முதல் அதைக் காப்பவர் அவரேதான்! வேலை செய்பவரைக் கேட்காமல் செய்யும் ஒழுங்கு நிலைக்காது.

மாலையில் பத்து நிமிடம் இதற்கென்று ஒதுக்குங்கள். பலகையைப் பார்ப்பது, கருவியைத் துடைப்பது, இரும்புக் கருவிக்கு எண்ணெய்த் துணி காட்டுவது, குப்பையைக் கூட்டுவது, காலி டப்பாவை ஒப்படைப்பது, இவ்வளவுதான். இந்தப் பத்து நிமிடத்துக்கும் சம்பளம் உண்டு என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போகும் நேரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

ஆயுத பூஜையன்று ஒவ்வொரு கருவியையும் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, வரிசையாக அடுக்கி வைக்கிறோம். அந்த ஒரு நாள் எந்தப் பொருளும் தொலைவதில்லை. யாரும் யாரையும் சந்தேகிப்பதில்லை. அதே வரிசை மற்ற நாட்களிலும் இருந்தால், தண்ணீருக்காகக் காத்திருக்கும் வீட்டில் நம் ஆள் தலைகுனிய வேண்டியிருக்காது. நம்மை நம்பி வேலைக்கு வந்த ஒரு பையனை நாம் இழக்கவும் நேராது.

வேலை வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் தாங்கள் செய்துள்ள ஏற்பாடுகளை எழுதி அனுப்பினால் எங்களுக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்.